மூலத்தில் இல்லாதது

ஜனவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொடிசு எழுதுகிறேன். நான் நலம். நீ நலமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் எனக்குக் கோபம், அதனால் அண்ணியை மட்டும் கேட்டதாக வைத்துக்கொள். மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. "அவருக்கு ஆபீசில் வேலை அதிகம்" என்று அண்ணி ஒரு கார்டு போட்டார், அவ்வளவுதான். பதிவு அலுவலகத்தின் நகல் பிரிவில் அப்படி என்னப்பா தலைபோகிற வேலை?

எனக்குக் கண்ணாடிக் கூடத்தில் நாற்பது தொட்டி காராமணிச் செடிகளோடு பொழுது போகிறது. என்ன செய்கிறாய் என்று நீ ஒவ்வொரு தடவையும் கேட்பாய், நான் சொன்னதும் கொட்டாவி விடுவாய். இந்த முறை உன் பாஷையிலேயே சொல்கிறேன். செடியைத் தாக்கும் வைரஸ் என்பது ஒரு நீளமான ஆர்.என்.ஏ இழை, நாலே எழுத்துகளில் எழுதிய ஒரு பத்திரம். செடிக்குள் போனதும் அதைப் பார்த்து நகலெடுக்க ஒரு நொதி உண்டு. உன்னை மாதிரி ஒரு நகல் எழுத்தர் என்று வைத்துக்கொள். நான் இரண்டு குறைப்பட்ட வைரஸ்களை வைத்திருக்கிறேன். ஒன்றில் முன்பக்கம் கொஞ்சம் இல்லை, இன்னொன்றில் பின்பக்கம் கொஞ்சம் இல்லை. தனித்தனியாக விட்டால் இரண்டும் தேய்த்த இலையை விட்டு நகராது. இரண்டையும் ஒரே இலையில் தேய்த்தால் என்ன ஆகும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

நகலெடுக்கிறவர் பாதியில் ஒரு பத்திரத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவிவிடுவார் என்று எங்கள் ஊகம். அதுவும் இரண்டிலும் ஒரே மாதிரி வரிகள் இருக்கும் இடத்தில். உனக்கு ஞாபகம் இருக்குமே. இடது பக்கம் தையல்காரரின் வீட்டுப் பத்திரம், வலது பக்கம் மாவு மில் பத்திரம், இரண்டிலும் "மேற்படி எல்லைக்குள் அடங்கிய". நீ டீ குடித்துவிட்டுக் குனிந்தபோது கண் பக்கத்துத் தாளுக்குப் போய்விட்டது, தையல்காரர் ஒரே நாளில் மில் முதலாளி ஆகிவிட்டார். அதைப் பிடித்துச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் "மூலத்தில் இல்லை. திரும்ப எழுதவும்" என்று எழுதியவர் புதிதாக வந்த ஒப்பிடும் எழுத்தர், பிறகு என் அண்ணி. "எனக்கு வந்த முதல் காதல் கடிதம் அது" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய்.

உடனே எழுது. அனுப்புகிற கடிதத்துக்கெல்லாம் நகல் எடுத்துப் பெட்டியில் அடுக்கி வைக்கிற ஆள் நீ. பெட்டி பட்டினி கிடக்கும்.

உன் பொடிசு

*

பிப்ரவரி 2

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். உன் அண்ணியும் நலம். உன் நலத்துக்கு எழுது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒரு வாரமாக ஒழுகுகிறது. குழாய்க்காரரைக் கூப்பிட்டால் நாளைக்கு என்கிறார். அவருடைய நாளைக்கு எந்தக் காலண்டரில் வருகிறது என்று தெரியவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு நானே ஏணி போட்டேன். ஏறிப் பார்த்தால் கை உன் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. ஒன்று முழுக்கக் கறுப்பு, என்னைப் பார்த்துச் சீறுகிறது, உன்னை மாதிரியே. பழைய போர்வையை அங்கேயே விட்டுவிட்டேன். நீ விடுமுறைக்கு வரும்போது கண் திறந்திருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. அதே சாய்வு, அதே பெரிய சுழி. ஆனால் எந்தப் பூனை, அண்ணா? நம் பூனை போய் ஏழு வருஷம் ஆகிறது. நீதானே குழி தோண்டினாய். தண்ணீர்த் தொட்டியில் பூனை குட்டி போட்டால் அது பூனையா, மீனா? நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு "கை" வேறு வந்து நிற்கிறது. தூக்கக் கலக்கத்தில் எழுதினாயா?

இங்கே ஒரு விஷயம் நடந்திருக்கிறது. பதினேழாம் தொட்டி. காலையில் தண்ணீர் ஊற்றப் போனேன், உச்சி இலையில் மஞ்சள் திட்டு. நான் தேய்த்தது அடி இலையில். இரண்டு வைரசுக்கும் மேலே ஏறத் தெம்பு கிடையாது. ஆனால் எதுவோ ஏறியிருக்கிறது. மின்விசிறிகள் நின்று கூடமே அமைதியாக இருந்தது. வெயில் நேரம்தான், இருந்தாலும் அந்த இலையைத் தொட எனக்குக் கூசியது. நான் விட்ட இரண்டும் இல்லை இது, மூன்றாவதாக ஒன்று. சொன்னால் சிரிப்பாய், அது என்னைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நலம் என்று மொட்டையாக எழுதாமல் நேராகச் சொல்.

உன் பொடிசு

*

மார்ச் 22

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். உன் அண்ணியும் நலம். உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், பரீட்சையில் இவ்வளவு எழுதினால் நன்றாக இருக்கும். முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும். அம்மா இல்லாத வீட்டுக்கு ஓடி வந்து என்ன செய்யப் போகிறாய் என்று நான் கை வ பெரிய அதிகாரியிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நகல் பிரிவுக்குப் புது மேஜை இந்த வருஷமும் கிடையாது என்றார். ஆக, என் மேஜைக்குக் கீழே வைத்த செங்கலுக்கு இன்னும் ஓய்வு இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 1

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும்.

அண்ணன் பன்னிரண்டு வருஷமாக எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, நூற்று நாற்பத்தாறு. நேற்று அத்தனையையும் தரையில் பரப்பினேன். மார்ச் கடிதத்தின் முதல் பாதி, நான் கல்லூரி விடுதியில் சேர்ந்த வருஷம் அவன் எழுதியது, ஒரு எழுத்து மாறவில்லை. பின்பாதி நாலு வருஷத்துக்கு முந்தையது. இரண்டிலும் "என்று நான்" வருகிறது, அந்த இடத்தில் கடிதம் தாவிவிட்டது. பிப்ரவரியில் வந்ததும் அப்படித்தான். தண்ணீர்த் தொட்டி ஒரு கடிதம், பரண்மேல் பூனை இன்னொன்று. இரண்டிலும் "ஏறிப் பார்த்தால்". ஒட்டு போட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் அண்ணி என் பிழைப்பு. செடியில் செய்வதைக் கடிதத்தில் செய்ய வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

பயமாக இருக்கிறது. கையெழுத்து அவனுடையது, வார்த்தை அவனுடையது, ஆனால் எழுதியது அவன் இல்லை. உங்களைச் சுற்றி வளைத்துக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அண்ணா உயிரோடு இருக்கிறானா?

பொடிசு

*

ஏப்ரல் 20

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இருக்கிறார்.

போன அக்டோபரில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மூளைக்கு ஏறிவிட்டது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். காய்ச்சல் போய்விட்டது, பேச்சும் கூடவே போய்விட்டது. என்னைத் தெரியவில்லை. ஊட்டினால் சாப்பிடுகிறார், உட்கார வைத்தால் உட்காருகிறார். கூப்பிட்டால் திரும்புவதில்லை.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. உனக்குச் சொல்லாதவரைக்கும் உலகத்தில் ஒருத்திக்காவது அவர் நல்லபடியாக இருந்தார். அதை விட மனசு வரவில்லை, பொடிசு.

ஒரு நாள் சும்மா பேனாவைக் கையில் கொடுத்து, அவர் நகல் பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை முன்னால் வைத்தேன். எழுத ஆரம்பித்துவிட்டார். ஆபீசில் மாதிரியே இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று வைக்கவேண்டும், இல்லாவிட்டால் எழுதமாட்டார். பாதியில் பக்கத்துத் தாளுக்குப் போய்விடுவார். நான் தடுக்கவில்லை. கலந்து வந்தால் புதுசு போல இருந்தது, உனக்கும் அனுப்ப முடிந்தது. உன் கடிதங்களை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டாக்டர் சொல்லிவிட்டார், "உள்ள யாரும் இல்லம்மா. பழக்கத்துல கை மட்டும் ஓடுது." ஜூலை முதல் தேதி நான் வேலைக்குத் திரும்பியாக வேண்டும், அதற்குமேல் விடுப்பு இல்லை. இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்தில் படுக்கை காலியாக இருக்கிறது. சேர்த்தால் நிரந்தரமாகத்தான், அங்கே எழுத்து வேலையெல்லாம் கிடையாது, கூடப் பிறந்தவர் கையெழுத்தும் வேண்டுமாம். படிவம் இதோடு இருக்கிறது. ஜூன் கடைசிக்குள் அனுப்பு.

என்னைத் திட்டவேண்டும் என்றால் திட்டிவிடு.

அண்ணி

*

மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று உங்களைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. திட்டி நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஆறு மாதம் அவனைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டியவர் நீங்கள். "எந்தப் பூனை" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தவள் நான். திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

படிவம் மேஜைமேல் இருக்கிறது. உள்ளே யாரும் இல்லை என்றால் கையெழுத்துப் போட்டுவிடுவேன், உங்கள் இடுப்பை உடைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் ஒரு விஷயம் அரித்துக்கொண்டே இருக்கிறது.

பதினேழாம் தொட்டியில் ஏறியதன் எழுத்து வரிசையைப் படித்துவிட்டோம். நினைத்த மாதிரியே முன்பாதி ஒன்றிலிருந்து, பின்பாதி மற்றதிலிருந்து. ஆனால் ஒட்டின இடத்தில் மூன்று எழுத்து கூடுதல். இரண்டு மூலத்திலும் அது கிடையாது. நகலெடுக்கிறவர் ஒன்றை விட்டு மற்றதைப் பிடிப்பதற்குள் தானாகச் சேர்த்தது. "அது பிசிறும்மா, விட்டுடு, கணக்குல எடுக்காத" என்கிறார் எங்கள் தலைவர். நானும் பிசிறு என்றுதான் எழுதி வைத்தேன். பிறகு அண்ணனின் பிப்ரவரி கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஒட்டுக்கு நேராக "கை". மார்ச்சில் "கை வ". பழைய கடிதங்களில் அந்த இடத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

பிசிறாகவும் இருக்கலாம். அவன் எழுதின அத்தனை தாளையும் அனுப்புங்கள். எனக்கு மாற்று ஆள் ஜூன் நடுவில்தான் வருகிறார், அதற்கு முன்னால் செடிகளை விட்டு நகர முடியாது.

கீழே இருப்பதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள், காதுக்குப் பக்கத்தில்.

அண்ணா, பொடிசு கேக்குறேன். உடம்பு எப்படி இருக்கு?

பொடிசு

*

மே 24

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் நலம், அவரும் அப்படியே இருக்கிறார். கேட்டபடி தாள்களைக் கட்டி அனுப்பியிருக்கிறேன், தேதி வாரியாக. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. உன் கேள்வியை மூன்று தடவை வாசித்தேன். சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தாள் அதற்குப் பிறகு எழுதியது.

நீ கவலைப்படாதே. எழுதும்போது நிம்மதியாக இருக்கிறார். காலையில் முகம் கழுவிவிட்டு மேஜையில் உட்கார வைத்தால் பொழுது சாயும்வரை எழுதுவார். இப்போதெல்லாம் பேனா அடிக்கடி நழுவி விழுகிறது, அதனால் விரலோடு சேர்த்துத் துணியால் கட்டிவிடுகிறேன். அப்புறம் தடங்கல் இல்லை.

இவையெல்லாம் நான் ஒப்பிட்டுத் தேர்ந்த நல்ல தாள்கள். ஒட்டு மட்டும் இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன். அதிகப்படியாக ஏதாவது வந்திருந்தால் விடமாட்டேன், ஆபீஸ் வழக்கப்படி அந்தத் தாளைத் தள்ளிவிட்டு முதலிலிருந்து எழுத வைப்பேன். அவர் வேலையில் பிழை இருந்ததாக யாரும் சொல்லக்கூடாது. கண் அசந்து ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம். தள்ளின தாள்கள் தனியாகக் கட்டி பரணில் இருக்கின்றன. அவை உனக்கு வேண்டாம் என்று அனுப்பவில்லை.

படிவத்தை மறந்துவிடாதே.

அண்ணி

*

ஜூன் 6

அண்ணி,

முதலில் அவன் விரலில் இருக்கிற கட்டை அவிழ்த்துவிடுங்கள். மீதியை அப்புறம் படியுங்கள்.

கண்ணாடிக் கூடத்து மேஜைகளிலிருந்து தொட்டிகளை இறக்கிவிட்டு நூற்றுப் பன்னிரண்டு தாளையும் வரிசையாகப் பரப்பினேன். பழைய கடிதங்களில் இருக்கிற வார்த்தைகளையெல்லாம் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன். முக்கால்வாசித் தாளில் எதுவும் மிஞ்சவில்லை. ஒன்பது தாளில் மிஞ்சியது, ஒவ்வொன்றிலும் சரியாக ஒட்டின இடத்தில். ஜனவரித் தாளிலும் "கை". மார்ச்சில் "கை வ". ஏப்ரலில் "கை வலி", உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. இரண்டு கடிதங்களின் வார்த்தைகளுக்கு நடுவில் ஒரு இடுக்கு மாதிரி அது. அந்த இடுக்கு வழியாக ஒருத்தன் விரலை நுழைத்து நுழைத்துப் பார்த்திருக்கிறான்.

கடைசித் தாள், நீங்கள் என் கேள்வியை வாசித்த பிறகு எழுதியது. அதை நீங்கள் சரியாக ஒப்பிட்டிருக்க மாட்டீர்கள், கட்டு அனுப்புகிற அவசரம். "அண்ணன் எழுதுவது. நான் நலம்" என்று எல்லாத் தாளையும் போலத் தொடங்குகிறது. நூற்று நாற்பத்தாறு கடிதத்திலும் அந்த வரி உண்டு, அவன் எங்கே வேண்டுமானாலும் தாவலாம். அடுத்ததாக இருப்பது இது:

"கை வலிக்குது பொடிசு."

அதற்குப் பிறகு குழாய்க்காரர் வந்துவிடுகிறார்.

படிவத்தைக் கிழித்துவிட்டேன். பதினெட்டாம் தேதி கிளம்புகிறேன், ஜூலை முழுக்க அவனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாக வேலைக்குப் போங்கள். அப்புறம் என்ன என்பதை மூன்று பேரும் உட்கார்ந்து யோசிப்போம்.

தலைவரிடம் போய் அந்த மூன்று எழுத்தை ஆராய்ச்சிக் குறிப்பில் திரும்பச் சேர்த்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். "பிசிறு இல்லை" என்றேன்.

பொடிசு

*

ஜூன் 13

அன்புள்ள பொடிசுக்கு,

நலம் என்று எழுதப் பேனா ஓடவில்லை.

கட்டை அவிழ்த்தேன். துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீரில் ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புண், அதற்குக் கீழே பழைய புண்ணின் தழும்பு. தினமும் அந்தத் துணியை இறுக்கிவிட்டவள்தான் நான், பேனா நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். மருந்து போட்டேன். போடும்போது, "கை வலிக்குதாங்க?" என்று கேட்டேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். திரும்பி என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது தூங்குகிறார், கையை என் மடியில் வைத்துக்கொண்டு. இடது கையால் தாளைப் பிடித்து எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பேனாவை அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டேன். தேடவில்லை. இத்தனை நாள் எழுத்தில் நிம்மதி என்று நான் நினைத்தது என்னவென்று எனக்கே தெரியவில்லை.

நீ கேட்கவில்லை, ஆனால் பரணில் இருந்த கட்டை இறக்கிப் பிரித்தேன். தள்ளின தாள்கள். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து இருக்கின்றன, உனக்கு அனுப்ப ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே. நீ பார்த்தது நான் கோட்டைவிட்டவை, பொடிசு. நான் பிடித்தவை இவை. அறுபத்தொரு தாள். ஒவ்வொன்றிலும் முழுசாக, தெளிவாக, அவருடைய அழகான கையெழுத்தில், "கை வலிக்குது". அதைச் சுற்றி என் சிவப்பு மை வட்டம்.

ஓரத்தில் என் கையெழுத்து, அறுபத்தொரு தடவையும்: "மூலத்தில் இல்லை. திரும்ப எழுதவும்."

சீக்கிரம் வா.

அண்ணி